புதன்கிழமை அடுப்பு எரியவில்லை

தோவா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தச் சந்தில் ரொம்பக் குறைவு. விடியும் முன்பே சந்து முனையில் கரியடுப்புக்கு முன்னால் வந்து நின்றுவிடுவாள். பன்றி விலாத் துண்டுகளை இடுக்கியால் புரட்டுவாள், முட்டை பொரிப்பாள், நொய்யரிசிச் சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்ப்பாள், அதன் தலையில் வெங்காயத்தாள் எண்ணெயை ஒரு கரண்டி விடுவாள். அடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மின்விசிறி, புகையைத் தெருப் பக்கம் தள்ளும். சாய்கோனில் அந்த நேரத்துக்கு வேலைக்குப் போகிறவன் எவனும் அந்தப் புகையைத் தாண்டிப் போக மாட்டான். வண்டியை விட்டு இறங்காமலே, "ஒரு விலா, ஒரு முட்டை, கட்டிக் குடுங்கக்கா" என்பான். அவன் ஹெல்மெட்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் பொட்டலம் அவன் கைப்பிடியில் தொங்கும்.

அவள் சொந்த ஊர் த்ரா வின் என்ற ஊருக்குப் பக்கம், ஆற்றங்கரை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. சித்தி ஒருத்தி நகரத்துக்குக் கூட்டிவந்து ஒரு காப்பிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அது பாட்டுக் கேட்கிறவர்கள் வருகிற கடை. கல்லாவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் நிற்கும். ஒரு ஐஸ் காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். பேச மாட்டார்கள். பதினாறு வயதுத் தோவா தட்டை ஏந்திக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போவாள், வருவாள். அவள் கேட்டதெல்லாம் துண்டு துண்டுதான். சமையலறைக் கதவைத் தள்ளி வெளியே வரும்போது ஒரு வரி கேட்கும். மேசைக்குப் போகும்போது இன்னொரு வரி. திரும்பி உள்ளே போனால் பாத்திரச் சத்தம்.

அதில் ஒரு பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் பாடியது. படகுத்துறையில் ஒருத்தி காத்திருக்கிறாள், தேங்காய் விற்கப் போனவன் வரவில்லை. முதல் சரணத்தைத் தோவா எத்தனையோ தடவை கேட்டாள். இரண்டாவது சரணத்தில் மழை வருகிறது என்பது வரைக்கும் தெரியும். அதற்குள் யாராவது கை தட்டிக் கூப்பிட்டு விடுவார்கள். அந்தத் துறையில் அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, பார்த்துத்தான் பழக்கம். உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்ப்பாள். பாட்டு முடிகிற நேரத்தில் அந்த முகங்களில் என்னவோ வந்து போகும். அது என்ன என்பதை, தானே உட்கார்ந்து ஒரு நாள் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்ததற்கும் அது நடந்ததற்கும் நடுவில் கல்யாணம் வந்தது, கடை வந்தது, ஒரு மகள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகித் தா நாங் நகரத்துக்குப் போனாள். அப்புறம் ஒரு நாள் பிற்பகல், கரி வாங்கப் போகிறேன் என்று கிளம்பிய தோவா, ங்யாட் தாவ் சந்தையில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் ஒரு கடை முன்னால் போய் நின்றாள். உள்ளே ஆம்ப்ளிஃபயர்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன.

"அக்கா, அண்ணன் அனுப்பிச்சாரா? என்ன மாடல்னு எழுதிக் குடுத்தாரா?" என்றான் கடைக்காரன்.

"எந்த அண்ணன்?"

"வீட்டுக்காரரு."

"அவரு ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருக்காரு. பாட்டு கேக்கப் போறது நான்."

கடைக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அவள் சட்டையில் கரி வாசனை. "அப்போ சின்னதா ஒண்ணு காட்டட்டுமா? கையிலயே தூக்கிட்டுப் போயிடலாம், மார்க்கெட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம்."

"அந்த மூலையில நிக்குதே, பெரிய ஜோடி. அதைப் போடுங்க."

போட்டான். கொஞ்ச நேரம் ஒரு இசைத்தட்டு, அதை நிறுத்தி இன்னொரு தட்டு, அதையும் நிறுத்தி இன்னொன்று. பேஸ் பாருங்க, குரல் பாருங்க என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"நிறுத்தாதீங்க. அந்தப் பாட்டு முடியட்டும்."

"அக்கா, இந்தக் கடையில யாரும் முழுப் பாட்டு கேட்டதில்ல. ஒருத்தரை முழுசா கேக்க விட்டா அவ்வளவுதான், எல்லாரும் ஸ்டூல் போட்டு உக்காந்துடுவாங்க. நான் வாடகை கட்ட வேணாமா?"

தோவா வாயைத் திறக்காமல் சிரித்தாள். அந்த ஜோடியையே வாங்கினாள். அதற்கேற்ற ஆம்ப், தட்டு சுழற்றும் பிளேயர், கரண்டைக் குறைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று.

"இதை மட்டும் மறந்துடாதீங்க," என்று அந்த இரும்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினான் கடைக்காரன். "ஜப்பான் சரக்கு. அவங்க ஊர்ல கரண்டு நம்மளுதுல பாதிகூட இல்ல. நேரா சுவத்துல சொருகினீங்கன்னா பொகை வரும். உங்க கடைப் பொகை மாதிரி வாசமா இருக்காது."

பக்கத்துக் கடையில் பழைய இசைத்தட்டுகள் குவியலாகக் கிடந்தன. அதில் அந்தப் பெண்ணின் தட்டு இருந்தது. உறை கிழிந்திருந்தது, பாட்டுகளின் பெயர் மட்டும் படிக்க முடிந்தது. படகுத்துறைப் பாட்டு இரண்டாம் பக்கத்தில் கடைசி. தோவா அதை ஈரத்துணியில் சுற்றிய கறியைப்போல நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தாள்.

வீட்டின் முன்னறை சந்துப் பக்கம் பார்த்த அறை. ஸ்பீக்கர்கள் உள்சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் நின்றன, நடுவில் ஒரு தாழ்ந்த மேசைமேல் மற்றவை. எல்லாம் வந்தாயிற்று. நேரம்தான் வரவில்லை.

காலையில் அடுப்பு. மதியம் சந்து முழுக்கத் தூங்கும். அந்த நேரத்தில் ஒரு கரண்டி விழுந்தாலும் மூன்று வீட்டில் திட்டுவார்கள். தூக்கம் கலைந்ததும் மறுநாளுக்கு இறைச்சி வெட்டி, எலுமிச்சைப்புல் இடித்து, மீன் சாறும் சர்க்கரையும் பிசைந்து ஊறவைக்க வேண்டும். அப்போது ஒரு தட்டைப் போட்டுக்கொண்டே வெட்டிப் பார்த்தாள். கை கத்தியைக் கேட்டது, காது கையைக் கேட்டது. பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியாமல் தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இது காப்பிக்கடையில் கேட்டதைவிட மோசம் என்று நிறுத்திவிட்டாள். சாயங்காலம் ஆனால் எதிர்வீட்டு ஹோவான் தன் சக்கரம் வைத்த ஸ்பீக்கரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்துவிடுவான். மைக்கைப் பிடித்தால் சந்து முனைவரை அவன் காதல்தான், அவன் பிரிவுதான்.

ஆக, தோவா தினமும் செய்ததெல்லாம் ஸ்பீக்கர்களைத் துடைத்ததுதான்.

"தோவாக்கா," என்பான் ஹோவான், பல் குத்திக்கொண்டே. "அந்தப் பொட்டிங்க முன்னாடி ரெண்டு வாழைப்பழம் வச்சு ஊதுபத்தி ஏத்துங்க. தொடைக்கிறது எல்லாம் சரியா நடக்குது, கும்பிடறது ஒண்ணுதான் பாக்கி."

"ஒனக்கே ஏத்தறேன்டா ஊதுபத்தி."

"உயிரோட இருக்கிறவனுக்கா?"

"நீ உயிரோட இருக்க. நேத்து ராத்திரி நீ பாடினியே, அந்தப் பாட்டு செத்துப் போச்சு. அதுக்கு ஏத்தறேன்."

அவள் புருஷன் கியெம் நல்ல மனிதன். பெட்டிகள் வந்த நாளில் தூக்க உதவினான், கம்பிகளை அவனே இழுத்துக் கட்டினான். ஆனால் வேன் ஓட்டுகிறவனுக்கு வெறுமனே நிற்கிற வண்டியைப் பார்த்தால் வயிறு எரியும். பெட்டிகளைப் பார்த்தும் அப்படித்தான் எரிந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், புளிப்பு மீன் சாற்றைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே பேச்சைத் தொடங்கினான்.

"லூ வந்திருந்தான் இன்னிக்கு. காப்பிக்கடை வச்சிருக்கானே, பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"எதுக்கு?"

"நம்ம செட்டைப் பாத்துட்டுப் போனான். நல்ல வெலை தரேங்கிறான். ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்னான்."

தோவா கீரையை எடுத்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

"கோவிச்சுக்காத," என்றான் கியெம். "அந்த எடத்துல ஒரு பெரிய ஃப்ரீசர் போடலாம். ஐஸ் வாங்க தெனம் நீ ஓட வேணாம், இறைச்சி கெட்டுப் போகாது. ஒனக்குத்தான் சௌகரியம். நீ அதுல ஒரு தட்டாவது முழுசா கேட்டிருந்தா நான் வாயத் தெறப்பேனா? சொல்லு, கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி கேட்டா?"

"எப்படிக் கேப்ப? நேரம் எங்க இருக்கு ஒனக்கு?"

"புதன்கிழமை கடை போடல."

கியெம் சிரித்துவிட்டான். "நீயா? புத்தாண்டைத் தவிர நீ எந்த நாள் அடுப்பை அணைச்சிருக்க? பிரசவத்துக்குப் போற அன்னிக்குக்கூட வித்துட்டுத்தான போன."

"அன்னிக்கு இறைச்சி ஊறிடுச்சு, வீணாப் போகும். புதன்கிழமைக்கு ஊற வைக்கப் போறதில்ல." கீரையை வாயில் போட்டு மென்றாள். "ஒரு தட்டு. ரெண்டு பக்கமும். உக்காந்து கேப்பேன். கேக்க முடியலைன்னா ஞாயித்துக்கிழமை நானே அந்த லூ தம்பிக்குத் தூக்கிக் குடுக்கறேன். கேட்டுட்டேன்னா இந்தப் பேச்சு மறுபடி இந்த வீட்டுல வரக் கூடாது."

"சரி," என்றான் கியெம். பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி இன்னொரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை வாடிக்கைக்காரர்கள் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அடுப்பு அவளுடையது, கரி அவளுடையது. நாளைக்கு நான் வரமாட்டேன் என்று ஒவ்வொருவனிடமும் சொன்னால், ஏன், எதற்கு என்று ஒவ்வொருவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது. அங்கேதான் தப்பு நடந்தது.

புதன்கிழமை விடிந்தது. கியெம் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வேனை எடுத்துப் போனான். தோவா குளித்தாள், பூப்போட்ட புது உடை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். ஒரு டம்ளர் ஐஸ் காப்பி கலந்தாள். வீதிச் சத்தம் வரக் கூடாது என்று முன்பக்கத்து இரும்பு மடக்குக் கதவை முழுக்க இழுத்து மூடினாள். சாப்பாட்டு மேசையிலிருந்து முதுகு உள்ள நாற்காலியாகப் பார்த்து எடுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் எதிரே போட்டாள். கடைசிப் பாட்டில் நேராகவே ஊசியை வைத்திருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டாள். முதலிலிருந்து நடந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஊசி இறங்கியது. மெல்லிய கீறல் சத்தம், அப்புறம் ஒரு கிடார், அப்புறம் அந்தக் குரல். காப்பிக்கடையில் எங்கோ தள்ளிக் கேட்ட குரல், இப்போது இரண்டு முழம் தூரத்தில் மூச்சு வாங்கியது. தோவா உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில்தான்.

கதவை யாரோ தட்டினார்கள்.

அவள் அசையவில்லை. மறுபடி தட்டினார்கள், இந்த முறை உள்ளங்கையால், படபடவென்று.

"தோவா! ஏய் தோவா! உயிரோட இருக்கியா?"

லாட்டரிச் சீட்டு விற்கிற கூக். தினமும் அடுப்போரமாக நின்று தீய்ந்த ஓரத் துண்டு ஒன்றை வாங்கித் தின்றுவிட்டுத்தான் வியாபாரத்துக்குப் போவாள். தோவா எழுந்து ஊசியைத் தூக்கி வைத்துவிட்டுக் கதவை ஒரு சாண் திறந்தாள்.

"என்னக்கா?"

"என்னவா? அடுப்பு இல்ல, கதவு சாத்தியிருக்கு. நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்."

"அப்போ கியெம்?"

"அவரும் நல்லா இருக்காரு. போயிட்டு வாங்கக்கா."

கதவை மூடினாள். பாட்டைப் பாதியிலிருந்து கேட்க மனமில்லை. ஊசியை மறுபடி முதலில் வைத்தாள். கிடார் வந்தது, குரல் வந்தது. முதல் பாட்டே மெதுவான பாட்டு, அம்மாவை விட்டுப் பிரிகிற மகள் பாடுவது. இழுத்து இழுத்துப் பாடுவாள்.

இரண்டாவது பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டல். இந்த முறை ஹோவான். கையில் ஒரு பை ஆரஞ்சு. நோயாளியைப் பார்க்கப் போகிறவன் முகம்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சொல்லுங்க, வண்டி எடுக்கறேன்."

"யாருக்குடா?"

"கூக் அக்கா சொன்னாங்க, நீங்க மூஞ்சி வெளிறிப் போய்க் கதவைப் பாதிதான் தெறந்தீங்கன்னு."

"பவுடர் போட்டிருக்கேன்டா!"

"பவுடரா? கடையில்லாத நாள்ல எதுக்கு பவுடரு?" என்று அவன் இன்னும் கவலையாகப் பார்த்தான்.

ஆரஞ்சை வாங்கி வைத்து அவனை அனுப்பினாள். மறுபடி ஊசி, மறுபடி முதலிலிருந்து. வெளியே நின்று கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எரியாத அடுப்பு, சாத்திய கதவு, உள்ளேயிருந்து அம்மாவைப் பிரிகிற அதே பாட்டு திரும்பத் திரும்ப. அந்த ஊரில் அப்படிக் கேட்டால் அது சாவு வீடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பந்தல் போட ஆள் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவது தடவை தட்டியது சந்துத் தலைவர் துவாட். துக்க வீட்டுக்குக் கொடுக்க டின் பால் அட்டைப்பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டை பொத்தான் எல்லாம் போட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து வாடிக்கைக்காரர்கள், வண்டியை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தான்.

"அம்மா தோவா," என்றார் துவாட், தாழ்ந்த குரலில். "ஊர்லேருந்து சேதி வந்துச்சா? உங்கம்மாவா?"

"எங்கம்மா நல்லா இருக்காங்க. நேத்துகூட போன்ல என்னத் திட்டினாங்க."

"அப்போ பந்தலுக்கு நான் சொல்லியனுப்பிச்சுட்டேனே."

"எதுக்குப் பந்தல்?"

அவர் பதில் சொல்வதற்குள் சந்து முனையில் கியெமின் வேன் வந்து நின்றது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் யாரோ அவனுக்குப் போன் அடித்திருந்தார்கள். ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தான். கதவிடுக்கில் தோவா நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றான். மூச்சு இரைத்தது.

"நீ... நல்லா இருக்க?"

"இருக்கேன்."

"ஒன்னப் பத்தி என்னென்னமோ..." முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "எவ்வளவு கேட்ட?"

"முதல் பாட்டு மூணு தடவை."

"பாத்தியா? இந்தச் சந்துல நீ உக்கார முடியாது தோவா. நான் கெட்டது சொல்லல, நடக்கறதச் சொல்றேன். லூகிட்ட ஞாயித்துக்கிழமை காலையிலயே வரச் சொல்லிடறேன்."

கூக்கும் ஹோவானும்கூட வந்து சேர்ந்துகொண்ட அந்தக் கூட்டம் அவளையே பார்த்தது. டின் பாலும் லாட்டரிச் சீட்டும் ஹெல்மெட்டுமாக, எல்லா முகமும் அவள் முகத்தில். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடிக்காத விஷயம் அது ஒன்றுதான், எல்லோரும் பார்ப்பது. கதவின் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைத் தோவா பார்த்தாள். சந்துப் பக்கம் பார்த்தாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒரு வீட்டில் ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு வீட்டில் ஒருத்தன் தரையில் படுத்து டி.வி. பார்த்தான். யாரும் போய் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாத்தியிருந்தது அவள் கதவு ஒன்றுதான்.

கம்பியை இறுக்கிப் பிடித்து ஒரே வீச்சில் கதவைச் சுவர்வரை தள்ளினாள். மடக்குக் கதவு கடகடவென்று போய் ஒதுங்கியது. முன்னறை முழுக்க வெயில் விழுந்தது. ஸ்பீக்கர், நாற்காலி, பாதி குடித்த காப்பி எல்லாம் ஊருக்கே தெரிந்தன.

"கேட்டுக்கோங்க," என்றாள். ஒரு முறை கனைத்துக்கொண்டாள். "யாரும் சாகல. யாருக்கும் நோயில்ல. அடுப்புக்கு இன்னிக்கு லீவு. நான் பாட்டு கேக்கப் போறேன். உக்காரணும்னா உள்ள வந்து உக்காருங்க. பேசணும்னா அந்தாண்ட போய்ப் பேசுங்க."

"பாட்டா?" என்றார் துவாட். "வெறும் பாட்டா?"

"வெறும் பாட்டுதான்."

"வேற எதுவும் செய்யாமயா?" என்றாள் கூக்.

"செய்யாமதான்."

கூக் யோசித்தாள். "அந்த ஆரஞ்சை என்ன செய்யப் போற?"

"உரிச்சுச் சாப்பிடுங்க. சத்தம் போடாம."

ஹெல்மெட்டை நெஞ்சில் வைத்திருந்தவன் அதை அவசரமாகத் தலையில் போட்டுக்கொண்டான். துவாட் பந்தல்காரனுக்குப் போன் செய்ய ஒதுங்கினார். கியெம் மட்டும் போகவில்லை. செருப்பில்லாத காலை இன்னொரு கால்மேல் வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்தான். பந்தயத்தில் தோற்கப்போவது யார் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தான், அவனே அப்புறம் சொன்னான்.

தோவா நான்காவது தடவையாக ஊசியை வைத்தாள்.

சந்தின் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது. ரொட்டிக்காரன் வண்டியில் பதிவு செய்த குரல் கூவிக்கொண்டு போனது, யாரோ மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார்கள். முதல் பாட்டு முழுக்க அவள் தோள் இறுகியே இருந்தது, எப்போது யார் கூப்பிடுவார்களோ என்று. யாரும் கூப்பிடவில்லை. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டார்கள், போனார்கள். கேட்க என்ன இருக்கிறது? அதான் தெரிகிறதே.

மூன்றாவது பாட்டில் ஒரு வண்டி வாசலில் வேகம் குறைந்தது. "அக்கா, ஒரு விலா!"

தோவா திரும்பவில்லை. கையை மட்டும் காதுக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, விளக்கு மாட்டுகிறவள்போல மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள். இல்லை என்று சொல்ல அந்த ஊரில் அது போதும். வண்டி போய்விட்டது. தன் கையை இறக்கி மடியில் வைத்தபோதுதான் கவனித்தாள், தோள் இளகியிருந்தது. நாற்காலியின் முதுகில் சாய்ந்தாள். சாய்வதற்குத்தான் நாற்காலிக்கு முதுகு என்று அன்றைக்குத்தான் பட்டது.

முதல் பக்கம் முடிந்தது. எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டாள். கூக் ஆரஞ்சுச் சுளை ஒன்றை நீட்டினாள், வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டாம் பக்கம் வேறு மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாடினாள். பாடும்போது அவள் உதடு பிரிவதும் மூச்சை இழுப்பதும் கேட்டது. அது ஒரு ஆளின் மூச்சு என்று தோவாவுக்கு முன்பு தெரியாது, தூரத்திலிருந்து வெறும் பாட்டாகத்தான் கேட்டிருந்தாள். ஒரு பாட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று முழுதாக உட்கார்ந்து கேட்டு முடிவு செய்ததுகூட நன்றாக இருந்தது.

அப்புறம் படகுத்துறை வந்தது.

துறையில் ஒருத்தி காத்திருந்தாள். தேங்காய்க்காரன் வரவில்லை. மழை வந்தது. இதுவரைக்கும் தோவாவுக்குத் தெரியும். இதற்கப்புறம் அவள் அழுவாள், ஆற்றைப் பார்த்துக்கொண்டே கிழவியாவாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். மூன்றாவது சரணத்தில் துறையிலே பழைய படகு ஒன்று சும்மா கிடக்கிறது. நனைந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று அவள் அதில் ஏறித் துடுப்பைப் பிடிக்கிறாள். கோணல்மாணலாக ஓட்டுகிறாள், கரையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் அந்தத் துறைக்கே அவள்தான் படகுக்காரி. ஒரு நாள் அவன் அக்கரையில் வந்து நின்று கை தட்டிக் கூப்பிடுகிறான். அவனையும் எல்லோரையும்போலவே துறைக்காசு வாங்கிக்கொண்டுதான் ஏற்றுகிறாள்.

தோவா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவில்லை. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.

ஊசி நடுவுக்குப் போய்விட்டது, தட்டு வெறுமனே சுற்றியது. எழுந்து தூக்கி வைத்தாள்.

"காசு வாங்கிட்டாளா?" என்றான் கியெம் படியிலிருந்து. "அவன்கிட்டயே?"

"வாங்கிட்டா."

"அடிப்பாவி. நான் அதை அழுகைப் பாட்டுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். வேன்ல போட்டா புள்ளைங்க தூங்கிடும், பாதியிலயே நிறுத்திடுவேன்." தலையைச் சொறிந்தான். "சரி. கேட்டுட்ட."

"கேட்டுட்டேன். போன் போடுங்க அந்தத் தம்பிக்கு."

அவன் போட்டுக் கொடுத்தான். "லூ தம்பியா? நான் தோவா. ஞாயித்துக்கிழமை வண்டி வேணாம், செட்டு விக்கல... இல்ல, வெலை காரணமில்ல. நான் கேக்கறேன் அதுல. நீங்க சும்மா வாங்க ஒரு நாள். புதன்கிழமை வாங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"புதன்கிழமைன்னா," என்றான் கியெம் மெதுவாக, "எல்லாப் புதன்கிழமையுமா?"

"எல்லாப் புதன்கிழமையும்."

"அப்போ ஃப்ரீசரு?"

"அதை எங்க வைக்கிறதுன்னு நீங்க யோசிங்க. எனக்கு இன்னிக்கு லீவு."

மறுநாள் வியாழக்கிழமை அடுப்பில் நெருப்பு பிடிப்பதற்கு முன்பே வரிசை நின்றது. ஒரு நாள் பட்டினி போட்டதுபோல ஒவ்வொருத்தனும் புலம்பினான். நேற்று வேறு கடையில் தின்றதாகவும் சோறு கட்டியாக இருந்ததாகவும் ஒருத்தன் சத்தியம் செய்தான். தோவா எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே இறைச்சியைப் புரட்டினாள். கூக் வழக்கமான இடத்தில் நின்று தன் தீய்ந்த துண்டை ஊதி ஊதித் தின்றாள்.

"ஏண்டி, அடுத்த வாரமும் உண்டா?"

"உண்டு."

"எத்தனை மணிக்குத் தொடங்கும்? சீட்டு வித்துட்டு வரணும் நான்."

தோவா கிண்ணத்தை ஒரு தட்டில் கவிழ்த்துச் சோற்றைத் தட்டி எடுத்தாள், எண்ணெய் விட்டாள், அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

"நான் உக்கார்றப்போ தொடங்கும்," என்றாள்.